கபடிக்காகத் தனியார் பள்ளியில் இலவச இடம்: சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, இப்போது பத்தாவது தேர்வு எழுதி முடித்திருக்கிறான். கபடியில் மாவட்ட அணிவரை வந்துவிட்டான். வேறு மாவட்டத்துத் தனியார் மேல்நிலைப் பள்ளி ஒன்று பிளஸ் ஒன்னுக்குக் கூப்பிடுகிறது. கட்டணம் கிடையாது, விடுதி, சாப்பாடு, ஷூ எல்லாம் பள்ளிச் செலவு. "படிப்பப் பத்திக் கவலப்படாதீங்கம்மா, அத நாங்க பாத்துக்கறோம்" என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். சேர்க்கலாமா, ஆட்டம் ஓய்ந்த பிறகு பையன் என்ன செய்வான், பி.டி. வாத்தியார் ஆகலாமா என்று மூன்று கேள்விகள்.

அம்மா, கட்டணம், விடுதி, சாப்பாடு பற்றி அவர்கள் சொன்னதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அதை அநேகமாகக் கொடுத்துவிடுவார்கள். "படிப்ப நாங்க பாத்துக்கறோம்" என்கிற வாக்கியம்தான் எனக்கு உறுத்துகிறது. டெல்டாவில் கல்லூரி உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வந்த பையன்களைத்தான் வருஷா வருஷம் முதலாமாண்டில் பார்த்தேன். நூறு கிலோ ஆளை ஒற்றைக் கையால் கணுக்காலைப் பிடித்து நிறுத்துவான். பயணப்படி விண்ணப்பத்தை நிரப்பக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான். மக்குப் பையன்கள் இல்லை அவர்கள். எதிராளி எந்தக் காலைத் தூக்குவான் என்று அரை நொடியில் கணக்குப் போடுகிற தலை எப்படி மக்காகும்? இரண்டு வருஷம் யாரும் அவர்களைப் புத்தகத்தைத் திறக்க விடவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இலவசம் என்கிற இடத்துக்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலை ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. உங்கள் பையன் ஐந்து வருஷத்தை முடித்துவிட்டான், இன்னும் இரண்டுதான் பாக்கி. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்குப் போன அன்றே அந்தத் தகுதி போய்விடும். திரும்பி வந்தாலும் ஒட்டாது. அதோடு தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வருமே, அதுவும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குத்தான். பையனுக்கு அறிவியல் பாடம் சுத்தமாக வராது என்றால் இந்த இழப்பு பெரிதில்லை. வரும் என்றால் நன்றாக யோசியுங்கள். ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரி உங்களுக்கு எவ்வளவு தூரம்? நெல் விளைவிக்கிற வீட்டுப் பையன் செலவில்லாமல் அங்கே படிக்கும் வாய்ப்பையும், ஒரு விடுதிச் சாப்பாட்டையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள்.

இனி அந்த "பாத்துக்கறோம்" விஷயம். விளையாடுகிற மாணவனுக்குப் படிப்பில் சலுகை வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் ஏறிக்கொண்டே போகும்போது அவன் பாதி நாள் வகுப்பில் இருக்க முடியாது. அந்த நாட்களை ஆன்-டியூட்டி என்று வருகையாகவே கணக்கில் எடுக்க வேண்டும், தவறவிட்ட மாதத் தேர்வை வேறு நாளில் வைக்க வேண்டும், இரவு ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லித்தர ஆள் போட வேண்டும். தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போகிற மாணவனுக்கு சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வையே பிறகு ஒரு நாளில் நடத்துகிறது. இதெல்லாம் நேரத்தைத் தருகிற சலுகை. விளையாடுகிற பிள்ளையின் உரிமை என்றே சொல்வேன், தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு சலுகை உண்டு. தேர்வுத்தாளில் பேர் எழுதினால் போதும் என்பார்கள், இன்டர்னலுக்கு முழு மதிப்பெண் போடுவார்கள், ரெக்கார்டு நோட்டை வேறு பையன் எழுதுவான். வாத்தியார் நல்ல மனசோடுதான் செய்வார், பையனும் சந்தோஷப்படுவான், பள்ளிக்குக் கோப்பை வரும். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிற இந்த ஏற்பாட்டில் ஒருவன் மட்டும் மெதுவாக ஏமாந்துகொண்டிருப்பான், அது அவனுக்கே முப்பது வயதில்தான் தெரியும். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும் என்பது சரி. ஆனால் விளையாட்டுக்காகப் பையன்களைச் சேர்க்கிற பள்ளிக்கு, அந்த ஒரு வருஷம் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத வருஷம். பிளஸ் டூ வந்ததும் அடித்தளமே இல்லாமல் நிற்பான்.

இது நம்மூர்ச் சங்கதி மட்டும் என்று நினைக்காதீர்கள். கல்லூரி விளையாட்டில் கோடிகள் புரள்கிற அமெரிக்காவில் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை பேருக்கு மட்டும் வகுப்புகள் நடந்தன. வகுப்பே கூடாது, கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், அதற்கும் துறை அலுவலகத்து நிர்வாகப் பெண்மணிதான் மதிப்பெண் போடுவார். 2014-ல் வந்த விசாரணை அறிக்கைப்படி 3,100 மாணவர்களுக்கு மேல் அந்த வகுப்புகளில் பேர் கொடுத்திருந்தார்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் விளையாட்டு மாணவர்கள். கடைசியில் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. 2017-ல் என்ன சொன்னது தெரியுமா? மற்ற மாணவர்களும் அந்த வகுப்புகளில் இருந்ததால் விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை என்று சொல்ல முடியாது, ஆகவே தண்டிக்க வழியில்லை என்று விட்டுவிட்டது. அங்கே கல்லூரியில் ஆடுகிறவர்களில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்று அதே அமைப்புதான் சொல்கிறது. மிச்சமுள்ளவர்கள் கையில் அந்தக் கட்டுரைதான் இருந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டெல்டாவில் கபடிக்காரன் வீட்டில் "அப்புறம் என்ன?" என்று கேட்டால் வருகிற பதில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. தப்பான பதில் இல்லை, பல குடும்பங்கள் அதில் தலையெடுத்திருக்கின்றன. மாநில அரசு வேலைகளில் 3 சதவீதம், காவலர், எஸ்.ஐ. தேர்வில் 10 சதவீதம், அதுபோக ரயில்வே, ராணுவம், துணை ராணுவப் படைகள். லால்குடிப் பக்கத்திலிருந்து ராணுவத்துக்குப் போன ஆரோக்கிய ராஜீவ் லாரி ஓட்டுநர் மகன். 2014 ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் வெண்கலம், 2017-ல் அர்ஜுனா விருது. வேலையும் ஓட்டமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்த கதை அது.

ஆனால் கோட்டா வேலையின் உள்விவரத்தைப் பெரும்பாலும் பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 18 முதல் 25வரை, தளர்வு கிடையாது. 100 மதிப்பெண்ணில் விளையாட்டுச் சாதனைக்கு 50, களத்தில் ஆடிக் காட்டுவதற்கு 40, கல்வித் தகுதிக்கு 10. அந்தச் சாதனையும் நடப்பு நிதியாண்டிலோ அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலோ செய்ததாக இருக்க வேண்டும். பதினேழு வயதில் ஜெயித்த கோப்பையை இருபத்துநான்கு வயதில் காட்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படிப்புக்குப் பத்து மதிப்பெண்தானே என்று பையன்கள் சிரிப்பார்கள். உட்காரப்போகும் நாற்காலியைத் தீர்மானிப்பது அந்தப் படிப்புதான். பத்தாவது என்றால் சம்பள வரிசையின் அடிப்படியான லெவல் 1, பிளஸ் டூ என்றால் லெவல் 2, 3, பட்டம் என்றால் லெவல் 4, 5. ஒரே அணியில் தோளோடு தோள் சங்கிலி பிடித்து நின்ற இரண்டு பேர், ஒருவன் தண்டவாளப் பராமரிப்புக்கும் மற்றவன் அலுவலக மேஜைக்கும் போவது இந்த இடத்தில்தான்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு வயதில் வேலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். கபடியில் முப்பது, முப்பத்திரண்டுவரை ஆடினால் நல்ல உடம்பு என்று அர்த்தம். ஓய்வு பெறுவது அறுபதில். ஆடுகிற பத்து வருஷம் அவனுக்கு ராஜ வாழ்க்கை: பயிற்சிக்கு நேரம் தருவார்கள், முகாம் இருக்கும், அதிகாரியே வந்து கை குலுக்குவார். மீதி இருபத்தெட்டு வருஷம்? எந்தப் பதவியில் சேர்ந்தானோ அந்தப் பதவிக்குரிய சாதாரண வேலை. கோப்பு எழுத வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும், மேலே போக வேண்டுமென்றால் துறைத் தேர்வு எழுத வேண்டும். பாடத்தைத் தாண்டவிட்டு வளர்த்த பையன் அங்கேதான் மாட்டிக்கொள்கிறான். அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் தேர்வு எழுதி மேலே போய்க்கொண்டிருப்பார்கள், இவன் பழைய போட்டோவைச் சுவரில் மாட்டிக்கொண்டு அதே இடத்தில் இருப்பான். முப்பத்திரண்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்பார்கள். நாள் கடந்து முற்றிய நாற்றை நட்டால் தூர் எவ்வளவு கட்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலையே கிடைக்காதவர்களைப் பற்றி எழுதினால் இது நீண்டுவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நலிந்த நிலையில் உள்ள முன்னாள் விளையாட்டு வீரர்களுக்கு 58 வயதுக்கு மேல் மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது தமிழ்நாடு அரசு. ஊர்க் கோப்பை வாங்கியவர்களுக்கு அல்ல, தேசிய, சர்வதேச அளவில் இடம்பிடித்தவர்களுக்கு. அந்த அளவுக்குப் போனவர்களுக்கே இப்படியொரு திட்டம் தேவைப்படுகிறது.

புரோ கபடி பற்றிப் பையன் கண்டிப்பாகப் பேசியிருப்பான். 2023 ஏலத்தில் பவன் செராவத்துக்கு 2 கோடியே 60 லட்சம் போனது அவனுக்கு மனப்பாடமாக இருக்கும். நம் தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2014-ல் அந்தப் போட்டி தொடங்கும்போதே நாற்பதை நெருங்கியவர். 2016-ல் பாட்னா அணிக்குத் தலைவராகக் கோப்பை வாங்கினார், 2019-ல் ஹரியானா அணிக்கும் தலைமை தாங்கினார். உங்களுக்குப் பக்கத்து வடுவூர்ப் பையன் அபினேஷ் மோகன்தாஸ் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் இருந்தான், அரசு 25 லட்சம் கொடுத்தது. இவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன், ஆசையில்லாதவன் விடியற்காலை எழுந்து மைதானத்துக்கு வருவானா? ஆனால் நாடு முழுவதற்கும் பன்னிரண்டு அணிதான். நம்ம திருவாரூர், தஞ்சை, மயிலாடுதுறையில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் இறங்குகிற அணிகளை எண்ணினாலே எத்தனை வரும்! புரோ கபடியில் பேர் வாங்கிய பலரும் ரயில்வே, ராணுவம், போலீஸ் வேலையை விடாமல்தான் ஆடினார்கள். அதைப் பையனிடம் சொல்லுங்கள், உங்கள் வார்த்தையைவிட அவர்கள் உதாரணம் ஏறும்.

திருவிழா ஆட்டம் என்றதும் இன்னொன்று. வெளியூர் அணிக்குக் காசுக்கு ஆடக் கூப்பிடுவார்கள். ஒரு ராத்திரிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிடைக்கும், வீட்டுக்கு உதவியாகத்தான் இருக்கும். மண் தரையில், மின்விளக்கில், பயணக் களைப்போடு ஆடும்போதுதான் முழங்கால் ஜவ்வு கிழிகிறது. அறுவை செய்தால் திரும்ப ஆட ஒன்பது மாதம், ஒரு வருஷம். கூப்பிட்டவர்கள் ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதோடு சரி. பள்ளி அணிக்காக ஆடும்போது அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, ஆட முடியாமல் போனாலும் பிளஸ் டூ முடியும்வரை விடுதியும் கட்டண விலக்கும் தொடருமா என்று அந்தப் பள்ளியில் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள். கால் முறிந்த மாதமே கட்டண ரசீது வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சான்றிதழ் விஷயத்தில் நீங்களே கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. பளபளப்பான காகிதமும் கோப்பையும் வேலைக்கு உதவாது. அரசு கேட்பது படிவம். சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, பள்ளி தேசியப் போட்டிக்கு 4. கையெழுத்துப் போட வேண்டியவரும் படிவத்துக்குப் படிவம் வேறு. பள்ளிப் படிவத்தில் பள்ளிக் கல்வித் துறை இயக்குநர், பல்கலைக்கழகப் படிவத்தில் அங்குள்ள உடற்கல்வி இயக்குநர், மற்றவற்றில் அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் செயலாளர். போட்டி முடிந்த கையோடு வாங்க வேண்டும், நாலு வருஷம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், சங்கத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும். இன்னொரு கூத்தும் உண்டு. கோவாவில் "நேஷனல்", நேபாளத்தில் "இன்டர்நேஷனல்" என்று தலைக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் வசூலித்து ரயிலேற்றுவார்கள். பதக்கம் நிச்சயம், வந்து இறங்கியதும் ஊர் முழுக்க பேனர். அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் இருக்காது, சான்றிதழைத் தேர்வாணையம் ஓரமாக வைத்துவிடும். நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய அம்மாக்கள் இருக்கிறார்கள்.

தனியார் பள்ளி ஒன்றுதான் வழியா என்றால், இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். கோடை விடுமுறையை ஒட்டி மாவட்ட அளவில் தேர்வு நடக்கும், இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. மயிலாடுதுறை ராஜன் தோட்டத்தில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. திருவாரூரில் மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பார்த்தால் இந்த வருஷம் கபடிக்கு எங்கே இடம் என்று சொல்லிவிடுவார். விடுதியிலிருந்து பையன் போகப்போகும் பள்ளி அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா என்பதையும் அவரிடமே கேளுங்கள். மேலே சொன்ன 7.5 சதவீதம் அதைப் பொறுத்தது.

இதற்கெல்லாம் பிறகும் அந்தத் தனியார் பள்ளிதான் என்று முடிவெடுத்தால், அதுவும் கெட்ட முடிவில்லை. தாளாளரைப் பார்க்கும்போது, எந்தக் குரூப் தருவீர்கள் என்று முதலில் கேளுங்கள். விளையாட்டுப் பையன்களைக் காலியாகக் கிடக்கிற குரூப்பில் தள்ளிவிடுவது வழக்கம். பையன் எந்தப் பாடத்தில் தேறுவான் என்று இப்போதைய வகுப்பாசிரியரிடம் கேட்டு, அந்தக் குரூப்தான் வேண்டும் என்று நில்லுங்கள். போன வருஷம் அங்கே கபடி ஆடிய பிளஸ் டூ பையன்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள், இரண்டு பேர் போன் நம்பர் வாங்கிப் பேசுங்கள். "படிப்ப நாங்க பாத்துக்கறோம்" என்று மறுபடியும் சொன்னால், இரவில் எத்தனை மணிக்கு, எந்த ஆசிரியர், எந்தப் பாடம் என்று கேட்டுவிடுங்கள். நல்ல பள்ளியாக இருந்தால் பதில் தயாராக இருக்கும். மாதத் தேர்வில் பையன் வாங்குகிற உண்மையான மதிப்பெண் உங்களுக்கு வேண்டும், கூட்டிப் போட்டது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இதைக் கேட்கிற பெற்றோர் அவர்களுக்கு அபூர்வம், கொஞ்சம் முழிப்பார்கள்.

கடைசியாக பி.டி. வாத்தியார் வேலை. பி.பி.எட். என்பது ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கிற இரண்டு வருஷப் படிப்பு. ஆக மூன்றும் இரண்டும் ஐந்து வருஷம், அதற்குப் பிறகு அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. அதுவும் காகிதத்தில் எழுதுகிற தேர்வுதான்: உடற்கூறு, உடலியங்கியல், உளவியல் எல்லாம் உண்டு. காலியிடம் கொஞ்சம், படித்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் ஏராளம். தனியார் பள்ளிகளில் வேலை கிடைக்கும், சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. பயிற்சியாளர் ஆக ஆசைப்பட்டால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவுக்கு மதிப்பு அதிகம், அங்கே பாடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடக்கும். பையனுக்கு மற்ற எது தப்பினாலும் ஆங்கிலம் வாசித்துப் புரிந்துகொள்கிற அளவுக்காவது இந்த இரண்டு வருஷத்தில் வந்துவிட வேண்டும், அதற்கு இந்தக் கோடை விடுமுறையிலேயே ஆரம்பிக்கலாம். டி.சி. வாங்குவதை மட்டும் விளையாட்டு விடுதித் தேர்வு முடிவு வரும்வரை தள்ளிப்போடுங்கள்.